குதிரை லத்தி

குரு என்றால் சாந்தமாக இருப்பார் என்று யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள். அதை நம்பி மலையேறி வந்த பல பேர் செல்லத்தாயம்மாவின் வாயைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிப் போயிருக்கிறார்கள்.

கொடைக்கானலையும் தாண்டி மேலே, பஸ் கடைசியாகத் திரும்புகிற ஊரிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் அம்மாவின் மடம். நாலு அறை, ஒரு ஊற்று, கொஞ்சம் தோட்டம். மார்கழியும் தையும் அங்கே உறைபனிக் காலம். விடிகிற நேரம் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெளுத்துக் கிடக்கும். வாளித் தண்ணீரை மோந்து குடிக்க முதலில் சொம்பால் தட்டி உடைக்க வேண்டும்.

அம்மாவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் சுடலைமுத்துவுக்கு ஐம்பத்தைந்து. அம்மா அவரை "அண்ணே" என்பார். அவர் "அம்மா" என்பார். திட்டும்போதும் அண்ணேதான்.

சுடலைமுத்து தெற்கே ஒரு கல்குவாரியில் கம்ப்ரசர் ஓட்டியவர். பாறையில் குழி போட்டு, மருந்து நிரப்பி, களிமண்ணால் இறுக அடைத்து வெடிக்க வைக்கிற வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருடைய ஒரே மகன் இசக்கித்துரையும் அங்கேதான் வேலை பார்த்தான்.

ஒரு நாள் ஒரு குழி வெடிக்கவில்லை. வெடிக்காத குழிக்குப் பக்கத்தில் அன்று யாரும் போகக் கூடாது. குவாரியில் கல் சுமக்கிறவருக்குக்கூட அது தெரியும். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி, லாரி காத்துக் கிடக்கிறது, போய்ப் பாருடா என்றார். இசக்கித்துரை போனான்.

பையன் குடித்துவிட்டுத் தானாகப் போய் மாட்டிக்கொண்டு செத்தான் என்று முதலாளி தரப்பில் சொன்னார்கள். இசக்கித்துரை டீகூடக் குடிக்க மாட்டான். முதலாளி சொன்னதைக் கேட்டவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். சுடலைமுத்துவைத் தவிர மற்ற எல்லாருக்கும் அன்றைக்கே காது கேட்காமல் போய்விட்டது.

வழக்கு நடந்தது. நடந்தது என்பது பேச்சுக்கு. வக்கீலுக்குக் காய்ச்சல், முதலாளிக்கு நெஞ்சுவலி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப் போட்டார்கள். கோர்ட் வராந்தாவில் முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் சுடலைமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறும். ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டார். போலீஸ்காரர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

இந்தக் கோபம் தன்னைக் கொல்லும், இல்லாவிட்டால் தான் யாரையாவது கொன்றுவிடுவோம் என்று பயந்துதான் அவர் மலைக்கு வந்தார். அவருடைய மனைவி பிரம்மசக்தி வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகப் பஸ் ஏறிப் போய், அந்த வராந்தாவில் நாள் பூராவும் உட்கார்ந்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

அந்த வருஷம் மார்கழிப் பிறப்பில் குவாரி மேனேஜர் ஆப்பிள் தட்டோடு மடத்துக்கு வந்தார். சுடலைமுத்துவின் தாடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மாசியில் உங்கள் சாட்சியம் வருகிறது, வந்து சரியாக ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். நீங்கள்தான் எல்லாவற்றையும் துறந்துவிட்டீர்களே, உங்களை நினைத்து முதலாளியே பெருமைப்படுகிறார், மன்னிக்கிறவன்தானே பெரிய மனிதன் என்றார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

சுடலைமுத்து நேராக அம்மாவிடம் வந்தார்.

"கோவம் சாவ மாட்டேங்குதும்மா. அந்தாளு பேசுதப்போ உள்ள கொதிக்கு. இத எப்படிக் கொல்லணும்னு சொல்லுங்க. கொன்னுட்டேன்னா, போயி மன்னிச்சிட்டு வந்துருவேன்."

அம்மா ஆப்பிள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே குதிரைக்கார மூக்கையாவின் குதிரைகளுக்குக் கொட்டிவிட்டு வந்தார். அப்புறம்தான் பேசினார்.

"ஊருக்குக் குடைமிளகா நாத்து தர்றேன்னு சொல்லியிருக்கேன். பங்குனியில நடணும். வெளியில விதைச்சா பனி கொன்னுரும். கண்ணாடி வீடு ஒண்ணு கட்டி விதை போடுங்க. முளைச்சா பதில் சொல்றேன்."

கல்லோடு பழகிய கை என்பதால் வீடு சீக்கிரம் எழும்பியது. தெற்கே பார்த்த சரிவில் பின்சுவரை ஆளுயரத்துக்கும் முன்சுவரை இடுப்பளவுக்கும் கட்டினார். காட்டுக்குள் இடிந்து கிடந்த பழைய பங்களாவிலிருந்து ஜன்னல் சட்டங்களைக் கண்ணாடியோடு சுமந்து வந்து, சாய்வாக மேலே போட்டார். பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்தார். சந்து பொந்தெல்லாம் களிமண் பூசினார். பகலில் உள்ளே போனால் சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பாத்தி கட்டி விதைத்தார்.

ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை போட்டது போட்டபடியே கிடந்தது. மண்ணைத் தொட்ட விரல் விறைத்தது.

அம்மா வந்து பார்த்தார். "கண்ணாடி பகல் வெயிலைத்தான் பிடிக்கும். சாயங்காலமானா வெயிலும் அதோட வீட்டுக்குப் போயிருது. கீழேருந்து சூடு வேணும்ணே. மூக்கையாகிட்ட போயி குதிரை லத்தி அள்ளிட்டு வாங்க. புதுசா வேணும். குவிச்சு வைங்க, நான் வந்து சொல்றேன்."

மூக்கையாவின் குதிரைகள் உருளைக்கிழங்கு மூட்டையும் பூண்டு மூட்டையும் சுமக்கிறவை. லாயத்திலிருந்து வைக்கோலோடு சேர்த்து அள்ளிய லத்தியில் ஆவி பறந்தது. சுடலைமுத்து சாக்குச் சாக்காகச் சுமந்து வந்தார். கண்ணாடி வீட்டுக்குள் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார்.

குழியைப் பார்த்ததும் அவருக்குப் பழைய கை வந்துவிட்டது. குவாரியில் நிரப்பிய குழியைத் திறந்து வைக்க மாட்டார்கள். நிரப்பின சூட்டோடு இறுக அடைப்பார்கள். லத்தியைக் கொட்டி மிதித்தார். மேலே மண்ணைப் போட்டார். அன்றைக்கே விதைத்து, கதவைச் சாத்திச் சுற்றிக் களிமண்ணால் அடைத்தார். காற்றுப் போகக்கூட வழியில்லை. அம்மா சொன்னதை அவர் மறக்கவில்லை. காத்திருக்கத்தான் அவருக்குப் பொறுமை இல்லை.

சில நாள் கழித்துக் கதவைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். நெடி கண்ணைக் கரித்தது. மறுபடி போய் மண்ணுக்குள் கையை விட்டார். சுட்டது. விதையெல்லாம் வெந்து, நசுக்கினால் மாவாகப் போயிற்று.

அவ்வளவுதான். கடப்பாரையை எடுத்துக் கண்ணாடியில் போட்டார். ஒரு ஜன்னல் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. முதலாளியைப் பேர் சொல்லித் திட்டினார். மேனேஜரைத் திட்டினார், நீதிமன்றத்தைத் திட்டினார், குதிரையைத் திட்டினார், கடைசியில் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. விறகு சுமந்து போன பெண்கள் சுமையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கி அவர் நிறுத்தியதும், "முடிஞ்சுதா? உடைச்ச எடத்துல பாலிதீன் சீட்டைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுடலைமுத்துவுக்கு அவமானமாகிவிட்டது. மலைக்கு வந்து இத்தனை காலம் கண்ணை மூடி உட்கார்ந்ததெல்லாம் வீண்தானா என்று நொந்துகொண்டார். சாப்பிடவில்லை. குழியிலிருந்த லத்தி முழுவதையும் வாரி வெளியே எறிந்தார். உறைபனி விழுகிற புல்லின் மேல் மெல்லிசாகப் பரத்தினார். போதாதென்று ஊற்றுத் தண்ணீரையும் குடம் குடமாக மேலே ஊற்றினார். சூடு போனது, நாற்றமும் போனது. அதை மறுபடி குழிக்குள் போட்டு, மண் மூடி விதைத்துவிட்டுக் காத்திருந்தார்.

எதுவும் வரவில்லை. ஆனாலும் அவர் முகம் தெளிவாக இருந்தது. அம்மாவைக் கூட்டிவந்து காட்டினார்.

"கை வச்சுப் பாருங்கம்மா. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. இப்பம் எனக்கும் உள்ள அப்படித்தான் இருக்கு. மேனேஜருக்குப் போன் போட்டுட்டேன். ஞாபகம் இல்லன்னு சொல்லிருதேன்னு சொல்லிட்டேன்."

அம்மாவுக்கு வந்ததே கோபம். அவர் முதலில் சொன்ன நாலு வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது. ஒரு கை லத்தியை அள்ளி சுடலைமுத்துவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதுல ஒரு விதை முளைச்சிருக்கா?"

"இல்லம்மா."

"முந்திப் போட்டது?"

"வெந்து போச்சு."

"அது லத்தி மேல குத்தமா, போட்ட கை மேல குத்தமா?"

"கை மேலதாம்மா."

"நாயா பேயா மூட்டை சுமந்த குதிரை போட்டதுண்ணே இது. அதோட சூட்டைப் பனியில விரிச்சுக் கொன்னுட்டு வந்து, தெளிஞ்சுட்டேன்னு என்கிட்ட சொல்றீங்க. அண்ணி அந்த வராந்தாவுல உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்ட போயிச் சொல்லுங்க. பச்சத் தண்ணியா ஆயிட்டேன்னு சொல்லுங்க."

லத்தியை அவர் காலடியில் எறிந்துவிட்டு அம்மா போய்விட்டார். அன்று முழுக்க மடத்தில் அடுப்பு எரியவில்லை. யாருக்கும் கேட்கத் தைரியமும் இல்லை.

மறுநாள் காலையில் சுடலைமுத்து யாரும் சொல்லாமலே சாக்கை எடுத்துக்கொண்டு மூக்கையாவின் லாயத்துக்குப் போனார். புது லத்தியைக் கண்ணாடி வீட்டுக்கு வெளியே குவித்து, மேலே சாக்குப் போட்டு மூடினார். அம்மா முள்கரண்டியோடு வந்தார். தோட்டத்தில் கிளறுகிற நீளக் காம்புள்ள முள்கரண்டி அது. ஒன்றை அவரிடம் கொடுத்தார், இன்னொன்றால் தானே குவியலைக் கிளறிப் புரட்ட ஆரம்பித்தார். உள்ளே இருந்ததை வெளியே போட்டார், வெளியே இருந்ததை உள்ளே தள்ளினார்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? சொல்லிட்டே புரட்டுங்க" என்றார்.

சுடலைமுத்து ஆரம்பித்தார். முதலாளி என்ற சொல் வந்ததும் குரல் உடைந்து கத்தல் ஆனது. முள்கரண்டி தரையில் விழுந்தது. அம்மா குவியலுக்குள் கையை விட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

"சூடு கடிக்குது. நாளைக்குப் பாப்போம்."

அடுத்த நாளும் புரட்டினார்கள். அடுத்த நாளும் அவர் சொன்னார், பாதியில் கத்தினார். முதலாளியை விட்டுவிட்டு மகனைப் பற்றி மட்டும் சொல்கிறேனே என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தார். அம்மா முடியாது என்றார். எதையும் விடக் கூடாது, எதையும் கூட்டக் கூடாது, நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்றார். அப்படிச் சொல்வது பாறையில் குழி போடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. லத்திக் குவியல் ஆவி விட்டது. மனிதர் வேர்த்துக் கொட்டினார். சுற்றிலும் புல் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

பிறகு ஒரு காலையில் அவர் முழுவதையும் சொன்னார். மகன் காலையில் குடித்த கஞ்சி, அன்றைக்குப் போட்டிருந்த சட்டை, வெடிக்காத குழி எந்த மூலையில் இருந்தது, முதலாளியின் நாற்காலி எந்த மரத்தடியில் கிடந்தது, அவர் சொன்ன சொல், அதைச் சொல்லும்போது வெற்றிலையைத் துப்பியது. எல்லாம் வந்தது. குரல் உயரவில்லை. கண் மட்டும் சிவந்து கிடந்தது. கோபம் கொஞ்சமும் குறையாமல் அப்படியே அவருக்குள் இருந்தது. அது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அம்மா குவியலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். அந்தக் குளிரில் கையை வெளியே எடுக்கவே அவருக்கு மனமில்லை.

"இப்ப நிரப்புங்க" என்றார்.

குழியை நிரப்பினார்கள். ஒரு சாண் உயரத்துக்கு நல்ல மண் போட்டார்கள். விதைத்தார்கள். உச்சி வெயிலில் ஒரு ஜன்னலைக் குச்சி கொடுத்துத் தூக்கி வைக்கவும், வெயில் தாழுமுன் மூடிச் சாக்குப் போர்த்தவும் அம்மா சொல்லிக் கொடுத்தார். சுடலைமுத்து ஒரு வேளைகூடத் தவறவில்லை.

குடைமிளகாய் அவசரப்படாத விதை. காக்க வைத்துத்தான் முளைத்தது. மண்ணைத் தள்ளிக்கொண்டு, கழுத்தை வளைத்தபடி ஒன்று வந்தது. மறுநாள் பாத்தி நெடுக வந்துவிட்டது. சுடலைமுத்து கதவருகே குந்தி உட்கார்ந்து அழுதார். மகன் போனதிலிருந்து அவர் அழுததில்லை. கத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

அன்றைக்கே மூக்கையாவின் போனில் மேனேஜரைக் கூப்பிட்டார். "எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. வந்து சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மேனேஜர் அதன் பிறகு பலமுறை கூப்பிட்டார். முதலில் கெஞ்சினார், பிறகு மிரட்டினார். ஒரு தடவை, உங்களுக்கு இன்னொரு பிள்ளை இருந்தால் இப்படிப் பேசுவீர்களா என்றுகூடக் கேட்டார். மூக்கையாவே அந்த எண்ணிலிருந்து வந்தால் இனிமேல் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மாசிக் கடைசியில் நாற்றுகள் விரல் உயரத்துக்கு நாலு இலை, ஆறு இலையோடு நின்றன. ஊர்ப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு யாருக்கு எத்தனை என்று இப்போதே சண்டை போட்டார்கள். சுடலைமுத்து வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டு, சாட்சி சொல்லப் போகப் பையைக் கட்டினார். மறுநாள் காலைப் பஸ்ஸில் இறங்குவதாக இருந்தது.

அன்று மத்தியானம் பிரம்மசக்தி மூக்கையாவின் போனில் கூப்பிட்டார். முதலாளிக்கு மறுபடியும் நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். வழக்கைச் சித்திரைக்குத் தள்ளிவிட்டார்களாம். நீங்க இப்பம் வரண்டாம் என்று சொல்லும்போது அந்தம்மாவின் குரலில் ஒன்றுமே இல்லை. பழகிப் போயிருந்தது.

சுடலைமுத்து மேலே வந்து கண்ணாடி வீட்டுக்குள் போனார். வெகுநேரம் கழித்து அம்மா போய்ப் பார்த்தபோது, பாத்தி ஓரத்தில் மண்ணுக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"சூடு தீந்து போச்சும்மா. அடியில தொட்டா சில்லுன்னு இருக்கு."

"தீரட்டும். நாத்து எந்திரிச்சிருச்சு. இனி வெயில் பாத்துக்கும்."

அவர் கையை எடுக்கவில்லை. 

"எனக்குள்ள கெடக்க கோவமும் இப்படித்தானாம்மா? மன்னிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம், சும்மா விட்டாலே ஒரு நாளு ஆறிப் போயிருமா?"

"ஆறிரும்ணே. அது தெரிஞ்சுதான் அவங்க வாய்தா மேல வாய்தா வாங்குறாங்க."